பைப்பாலூட்டி ஆண்களின் பருவமும் இனப்பெருக்கத் திறனும்: இயக்குநீர்கள் காலம் அறியும் விதம்

ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1854-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வந்திறங்கினார். அடுத்த எட்டு ஆண்டுகள் மலாய்த் தீவுக்கூட்டம் எங்கும் சுற்றி உயிரினங்களைச் சேகரித்தார். பாலித் தீவுக்கும் லொம்போக் தீவுக்கும் இடையே உள்ள குறுகிய நீரிணையைக் கடந்தால் விலங்குலகமே மாறத் தொடங்குவதை அவர் கண்டறிந்தார். அந்த எல்லையையே வாலஸ் கோடு என்று இன்று பாடநூல்களில் படிக்கிறோம். அதன் மேற்கே புலியும் யானையும் காண்டாமிருகமும் வாழ்ந்தன. கிழக்கே செல்லச் செல்ல, குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும் பைப்பாலூட்டிகள் தென்பட்டன. சுலாவெசித் தீவின் கஸ்கஸ் முதல் ஆஸ்திரேலியாவின் கங்காரு வரை அவை யாவும் கோட்டுக்கு அப்பால் வாழ்பவை. மலாயாத் தீபகற்பத்திலும் சிங்கையிலும் இயற்கையாக வாழும் பைப்பாலூட்டி ஒன்றுமில்லை.

ஆகவே, நம் அறிவியல் வகுப்புகளில் பாலூட்டி என்றதும் மனிதனும் மாடும் நாயும் எலியுமே நினைவுக்கு வருகின்றன. பருவமடைதலைப் பற்றிய பாடமும் இவற்றை வைத்தே எழுதப்பட்டுள்ளது. அப்பாடத்தின் சுருக்கம் இதுதான்: உரிய வயதில் மூளை ஆணையிடும், விந்தகம் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும், உடல் ஆணுடல் ஆகும். இப்பாடம் பாலூட்டிகள் அனைத்திற்கும் அப்படியே பொருந்துமா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா. விடை தேடி வாலஸ் கோட்டுக்கு அப்பால் செல்வோம். ஆஸ்திரேலியாவின் தம்மார் வல்லபி, ஆன்டெகைனஸ் என்னும் இரண்டு விலங்குகளை முதன்மையான சான்றுகளாகக் கொள்வோம்.

இயக்குநீர் என்னும் சொல்

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஹார்மோன் என்னும் சொல்லை உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1905-ஆம் ஆண்டு இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில் வழங்கினார். கிளர்ச்சியூட்டு, இயக்கு என்னும் பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து அச்சொல் பிறந்தது. தமிழில் நாம் இயக்குநீர் என்பது அப்பொருளை நன்கு தாங்கி நிற்கிறது. ஆயினும் இச்சொல் ஒரு பிழையான எண்ணத்திற்கும் இடம் தந்துவிடக்கூடும். இயக்குபவர் கையில்தான் அதிகாரம் அனைத்தும் இருக்கிறது என்று மாணவர் கருதிவிடலாம். உண்மையில் இயக்குநீர் ஒரு தூது. தூதை அனுப்பியவர் யார், அது எந்த வேளையில் வந்தது, அதைப் பெற்ற உறுப்பு எவ்வாறு பொருள்கொண்டது ஆகிய மூன்றும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன. பைப்பாலூட்டி ஆண்கள் நமக்குக் கற்பிப்பது இதையே.

பொதுவான அமைப்பு

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், ஜி.என்.ஆர்.எச். என்னும் இயக்குநீரை விட்டுவிட்டு, துடிப்புத் துடிப்பாக வெளியிடுகிறது. அது சற்றுக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்னும் இரண்டு இயக்குநீர்களைக் குருதியில் கலக்கிறது. எல்.எச். விந்தகத்தின் லேடிக் உயிரணுக்களை அடைந்து டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்கிறது. எஃப்.எஸ்.எச். விந்தணுக்களைப் பேணி வளர்க்கும் செர்டோலி உயிரணுக்களில் செயற்படுகிறது. டெஸ்டோஸ்டிரோன் மிகும்போது அச்செய்தி மூளைக்குத் திரும்பிச் சென்று மேலும் சுரக்காதவாறு தடுக்கிறது. இதனைப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்கிறோம்.

இவ்வமைப்பு பைப்பாலூட்டிகளிலும் உண்டு. தம்மார் வல்லபி ஆண்களின் பிட்யூட்டரி சுரப்பியை ஆய்வாளர்கள் அகற்றியபோது விந்தகங்களும் துணைச் சுரப்பிகளும் சுருங்கிப்போயின. எனவே, கருவிகள் நமக்கும் அவற்றுக்கும் பொதுவானவை. அக்கருவிகள் எப்போது, எவர் சொற்கேட்டு இயங்குகின்றன என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது.

இயக்குநீர் வருமுன் தோன்றும் விதைப்பை

தம்மார் வல்லபி கங்காரு இனத்தைச் சேர்ந்த சிறிய விலங்கு. தென் ஆஸ்திரேலியாவின் கங்காருத் தீவில் மிகுதியாக வாழ்கிறது. கரு வளரத் தொடங்கியபின் ஏறத்தாழ 26 நாட்களில் குட்டி பிறந்துவிடுகிறது. பிறக்கும்போது அதன் எடை அரை கிராமுக்கும் குறைவு. கண் திறவாத, பின்னங்கால்கள் முழுமையாக உருவாகாத அக்குட்டி, தானே தாயின் பைக்குள் ஏறி முலைக்காம்பைப் பற்றிக்கொள்கிறது. மற்றப் பாலூட்டிகளில் கருப்பைக்குள் மறைவாக நடக்கும் வளர்ச்சியின் பெரும்பகுதி இங்கே பைக்குள், ஆய்வாளரின் கண்முன் நடக்கிறது. பால்வேறுபாடு எவ்வாறு உருவாகிறது என்பதை ஆராய்வோர்க்கு இவ்விலங்கு அரிய வாய்ப்பாக அமைந்தமைக்கு இதுவே காரணம்.

மனிதக் கருவில் விந்தகம் முதலில் உருவாகிறது. அது சுரக்கும் இயக்குநீரின் விளைவாகவே விதைப்பை பின்னர் உருவாகிறது. தம்மார் வல்லபியில் இவ்வரிசை தலைகீழாக இருப்பதை மெரிலின் ரென்ஃப்ரீ, ரோஜர் ஷார்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1988-ஆம் ஆண்டு நேச்சர் இதழில் விளக்கினர். பிறப்புக்குச் சில நாட்கள் முன்பே ஆண் கருவில் விதைப்பைக்குரிய புடைப்புகள் தோன்றிவிடுகின்றன. அப்போது விந்தகம் விந்தகமாக உருப்பெற்றிருக்கவே இல்லை. அது பிறப்பை ஒட்டிய நாட்களில்தான் உருப்பெறுகிறது. பெண் குட்டிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தபோதும் அவற்றுக்கு விதைப்பை தோன்றவில்லை.

அப்படியாயின், விதைப்பையைத் தோற்றுவிப்பது எது? இயல்புக்கு மாறான குரோமோசோம் அமைப்புடன் அரிதாகப் பிறந்த சில விலங்குகள் விடைக்கு வழி காட்டின. இரண்டு எக்ஸ், ஒரு ஒய் குரோமோசோம் கொண்ட வல்லபிக்கு விந்தகமும் ஆண்குறியும் இருந்தன. ஆனால் விதைப்பை இருக்க வேண்டிய இடத்தில் பையும் பால்சுரப்பிகளும் இருந்தன. ஒரே ஒரு எக்ஸ் மட்டும் கொண்ட விலங்குக்குப் பெண்ணின் உள்ளுறுப்புகள் இருந்தும், பை இல்லை. வெறுமையான விதைப்பையே இருந்தது. எக்ஸ் குரோமோசோம் ஒன்றா இரண்டா என்னும் கணக்கே பையா விதைப்பையா என்பதை முடிவு செய்கிறது என்று இதிலிருந்து அறிகிறோம். ஆணுடலின் வெளிப்படையான அடையாளம் ஒன்று, இயக்குநீரின் துணையின்றி மரபணுக்களாலேயே அமைகிறது. "ஆண்மைக்குரிய உறுப்புகள் அனைத்தையும் டெஸ்டோஸ்டிரோனே உருவாக்குகிறது" என்னும் பாடநூல் வரி முதன்முதலாகத் தடுமாறுவது இங்கேதான்.

பைக்குள் வரும் மறைமுகத் தூது

விதைப்பைக்கு இயக்குநீர் தேவையில்லை என்றாலும், புராஸ்டேட் சுரப்பிக்கும் ஆண்குறிக்கும் அது தேவை. பிறந்த சில நாட்களில் விந்தகம் டெஸ்டோஸ்டிரோனை ஆக்கத் தொடங்குகிறது. ஆயினும் புராஸ்டேட்டின் முதல் அரும்புகள் மூன்று வாரங்களுக்குப் பின்னரே தோன்றுகின்றன. இந்தத் தாமதம் ஆய்வாளர்க்குப் புதிராக இருந்தது. பைக்குள் இருக்கும் ஆண் குட்டியின் குருதியையும் பெண் குட்டியின் குருதியையும் ஒப்பிட்டபோது, டெஸ்டோஸ்டிரோன் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படாதது புதிரை மேலும் ஆழப்படுத்தியது.

2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இப்புதிரை விடுவித்தது. ஆண் குட்டியின் விந்தகம் டெஸ்டோஸ்டிரோனை மேலும் மாற்றி, ஆன்ட்ரோஸ்டேன்டையால் என்னும் வேறொரு பொருளாகக் குருதியில் அனுப்புகிறது. அப்பொருளின் அளவு ஆண் குட்டிகளில் மிகுந்திருந்தது. உரிய திசுவை அடைந்ததும் அது வீரியம் மிக்க டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றப்பட்டுப் புராஸ்டேட்டை உருவாக்குகிறது. ஒரு மடல் மூடி முத்திரையிட்டு அனுப்பப்படுவது போலவும், உரியவர் கையில் மட்டுமே அது திறக்கப்படுவது போலவும் இதனை மாணவர்க்கு விளக்கலாம். குருதியில் எவ்வளவு டெஸ்டோஸ்டிரோன் ஓடுகிறது என்று மட்டும் அளந்து முடிவு சொல்வது எவ்வளவு பிழையாகலாம் என்பதற்கு இது தக்க சான்று.

இருவருக்கும் இரு வயது

பெண் தம்மார் வல்லபி எட்டு, ஒன்பது மாதங்களில் பருவமடைந்துவிடுகிறது. அப்போது அது தாய்ப்பாலைக்கூட முழுமையாக மறந்திருக்காது. ஆணோ ஏறத்தாழ இரண்டு வயதில்தான் விந்தணு உற்பத்தியை முழுமையாக்கிக் கருவுறச் செய்யும் ஆற்றலைப் பெறுகிறது. பெண்ணுக்காகப் பிற ஆண்களோடு போட்டியிடும் இனங்களில், ஆண் முதலில் உடல் வளர்ச்சியை முடித்துக்கொள்வது பயனுடையது. உடல் சிறுத்த ஆணுக்கு முன்கூட்டியே பருவம் வந்தாலும் போட்டியில் வெல்லும் வாய்ப்புக் குறைவு.

பருவமடைந்த பிறகு ஆண் எப்போது முனைப்புக் கொள்கிறது? தம்மார் வல்லபிக் குட்டிகளில் பெரும்பாலானவை ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் பிறக்கின்றன. குட்டி ஈன்ற சிறிது நேரத்திலேயே பெண் மீண்டும் இணைசேரும் நிலையை அடைகிறது. அதன்பின் உருவாகும் கரு, நூறு உயிரணுக்கள் அளவில் வளர்ச்சியை நிறுத்தி, அடுத்த கோடைவரை உறங்கிக் கிடக்கும். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் 22-ஐ ஒட்டிய நீண்ட பகல் கடந்து, இரவுகள் நீளத் தொடங்கும்போது பினியல் சுரப்பியின் மெலட்டோனின் கூடுதல் நேரம் சுரக்கிறது. அதனால் புரோலாக்டின் குறைந்து, உறங்கிய கரு விழித்தெழுகிறது. இவ்வாறு சூரியனின் கணக்கைப் படிப்பது பெண்ணின் உடல்.

அதே பருவத்தில் ஆணின் டெஸ்டோஸ்டிரோனும் உயர்கிறது, புராஸ்டேட்டும் பருக்கிறது. ஆணும் சூரியனைப் பார்த்தே இதைச் செய்கிறது என்று கருதுவது இயல்பு. ஆய்வு வேறு முடிவைத் தந்தது. பெண்களிடமிருந்து பிரித்து வைக்கப்பட்ட ஆண்களில், அதே பருவம் வந்தபோதும் டெஸ்டோஸ்டிரோனின் அந்த எழுச்சி காணப்படவில்லை. ஆணின் விந்தகம் ஆண்டு முழுவதும் விந்தணுக்களை ஆக்கிக்கொண்டே ஆயத்தமாக இருக்கிறது. அதனை முழு முனைப்புக்குக் கொண்டுவருவது இணைசேரும் நிலையிலுள்ள பெண்ணின் அண்மையே. சூரியன் பெண்ணுக்குக் காலம் காட்டுகிறது. பெண் ஆணுக்குக் காலம் காட்டுகிறாள்.

ஒரே பருவம், ஒரே வாழ்வு

இதற்கு நேர் எதிரான சான்றாக நிற்பது ஆன்டெகைனஸ். கிழக்கு ஆஸ்திரேலியக் காடுகளில் வாழும் இச்சிறு விலங்கு பார்வைக்கு எலியைப் போன்றது; ஆனால் பூச்சிகளை உண்ணும் பைப்பாலூட்டி. பழுப்பு ஆன்டெகைனஸ் இனத்தின் ஆண்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே வேளையில் பிறந்து, ஒரே வேளையில் பருவமடைந்து, குளிர்காலத்தின் இறுதியில் இரண்டு வாரங்கள் அளவே நீளும் இணைசேர்க்கைக் காலத்திற்குப் பின், ஓராண்டு நிறையும் முன்பே அனைத்தும் இறந்துபோகின்றன. பெண்கள் மட்டுமே எஞ்சிக் குட்டிகளை ஈனுகின்றன.

இங்கே ஆணும் நாள்நீளத்தைக் கணக்கிடுகிறது. குளிர்காலத்தின் நடுப்பகுதிக்குப் பின் பகல் எவ்வளவு நீளமானது என்பதைவிட, அது எந்த வேகத்தில் நீள்கிறது என்பதே இவ்விலங்குகளுக்குக் குறிப்பாக அமைகிறது. ஒரே காட்டில் வாழும் வெவ்வேறு ஆன்டெகைனஸ் இனங்கள் வெவ்வேறு வேகங்களுக்குச் செவிசாய்ப்பதால், அவற்றின் இணைசேர்க்கைக் காலங்களும் வேறுபடுகின்றன.

இவ்விலங்கின் விந்தகம் வியப்பூட்டும் ஒன்றைச் செய்கிறது. இணைசேர்க்கைக் காலம் தொடங்கும் முன்பே விந்தணு உற்பத்தியை அது நிறுத்திவிடுகிறது. எபிடிடிமிஸ் என்னும் சுருள்குழலில் சேமித்துவைத்த விந்தணுக்களே இறுதிவரை உள்ள முதல். அதிலும் ஒரு பகுதி சிறுநீருடன் நாள்தோறும் வெளியேறிக் குறைந்துகொண்டே வரும். வரவு நின்றுபோன வணிகன் கையிருப்பைக் கொண்டு கடை நடத்துவதை ஒத்தது இந்நிலை.

மரணம் எவ்வாறு நேர்கிறது? உச்சத்திலிருக்கும் டெஸ்டோஸ்டிரோன், கார்ட்டிசோலைப் பிணைத்து வைத்திருக்கும் குருதிப் புரதத்தின் அளவைக் குறைத்துவிடுகிறது. கார்ட்டிசோல் நெருக்கடி வேளையில் அட்ரீனல் சுரப்பி வெளியிடும் இயக்குநீர். பிணைப்பின்றிக் குருதியில் உலவும் கார்ட்டிசோல் பெருகுகிறது. அதனை அடக்க வேண்டிய பின்னூட்டக் கட்டுப்பாடும் செயலிழக்கிறது. முதலில் இதனால் ஆணுக்கு நன்மையே உண்டு. கார்ட்டிசோல் தசைப் புரதத்தைக் கரைத்து ஆற்றலாக மாற்றுவதால், இரைதேடும் நேரத்தைச் சுருக்கிக்கொண்டு இணைதேடலாம். பின்னர் நோயெதிர்ப்பு ஆற்றல் சரிகிறது. இரைப்பையிலும் குடலிலும் புண்ணாகிக் குருதி கசிகிறது. ஒட்டுண்ணிகளும் தொற்றுகளும் உடலை வீழ்த்துகின்றன. விந்தகம் அகற்றப்பட்ட ஆண்கள் இந்த முடிவிலிருந்து தப்பிப் பிழைத்தன. வாழ்வுக்கு உச்சம் தந்த இயக்குநீரே முடிவுக்கும் காரணம் என்பதை இது உறுதிப்படுத்துகிறது.

இவ்வளவு கொடிய ஏற்பாடு ஏன் நிலைத்தது? பூச்சிகள் மிகுந்த குறுகிய காலத்தில் குட்டிகளுக்குப் பாலூட்ட வேண்டியிருப்பதால் பெண்கள் அனைத்தும் ஒரே வேளையில் இணைசேர்கின்றன. ஒவ்வொரு பெண்ணும் பல ஆண்களோடு சேர்கிறது. அந்தச் சில நாட்களில் முழுமுதலையும் செலவிடும் ஆணே மிகுதியான குட்டிகளுக்குத் தந்தையாகிறது. டயானா ஃபிஷர் முதலியோர் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்விளக்கத்தை வலுப்படுத்தியது.

அறியாமையின் விலை

இவை யாவும் ஏட்டுச் செய்திகளாக மட்டும் நின்றுவிடவில்லை. தம்மார் வல்லபி ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் தென்பகுதியில் அழிந்துபோயிற்று. அதன் வழித்தோன்றல்கள் நியூசிலாந்தின் கவாவ் தீவில் பிழைத்திருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் ஆளுநர் ஜார்ஜ் கிரே அவற்றை அங்கே கொண்டுசென்றிருந்தார். தாயகத்தில் இல்லாமற்போன விலங்கு, சென்ற இடத்தில் தொல்லையாகப் பெருகியது. அதே நியூசிலாந்தில், தோலுக்காகக் கொண்டுவரப்பட்ட புதர்வால் பாசம் காடுகளை அழிப்பதோடு கால்நடைகளுக்குக் காசநோயையும் பரப்புகிறது. ஓரிடத்தில் பெருக்கத்தைத் தடுக்க வேண்டும். மற்றோரிடத்தில் இனத்தைக் காக்க வேண்டும். இரண்டுக்கும் இனப்பெருக்கக் கட்டுப்பாடு பற்றிய துல்லியமான அறிவு வேண்டும்.

கொல்லாமல் எண்ணிக்கையைக் குறைக்கும் வழியாக ஆய்வாளர்கள் டெஸ்லோரெலின் என்னும் மருந்தை எடுத்துக்கொண்டனர். இது ஜி.என்.ஆர்.எச். இயக்குநீரைப் போன்று செயற்படுவது. துடிப்பாக வரவேண்டிய செய்தி இடைவிடாமல் வந்தால் பிட்யூட்டரி சலித்து, செவிசாய்க்காமற் போகும். ஆண் நாயின் தோலடியில் இதைப் பொருத்தினால் டெஸ்டோஸ்டிரோன் வீழ்ந்து, இனப்பெருக்கத் திறன் தற்காலிகமாக நின்றுவிடுகிறது. பெண் தம்மார் வல்லபிகளிலும் பெண் கங்காருகளிலும் இம்மருந்து ஓராண்டுக்கும் மேலாக இனப்பெருக்கத்தைத் தடுத்தது.

ஆண் தம்மார் வல்லபிகளில் அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. எல்.எச். மேலும் எழும் ஆற்றலை இழந்தபோதும், டெஸ்டோஸ்டிரோன் வீழவில்லை, விந்தகமும் சுருங்கவில்லை. 1996 முதல் முகக்கட்டி நோயால் அழிந்துவரும் டாஸ்மேனியப் பேய் என்னும் விலங்கைக் காப்பகங்களில் வளர்க்கும்போது, எவ்விணை குட்டி ஈன வேண்டும் என்று திட்டமிட இதே மருந்து பெண்களுக்குப் பயன்பட்டது. ஆண்களுக்குக் கொடுத்தபோது டெஸ்டோஸ்டிரோன் உயரவே செய்தது. காளைகளிலும் இம்மருந்து டெஸ்டோஸ்டிரோனை உயர்த்துவதைக் காண்கிறோம். எனவே, பைப்பாலூட்டி ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம் என்று கோடு கிழித்துவிடவும் இயலாது. நாய்க்குப் பொருந்தியது எல்லா ஆண்களுக்கும் பொருந்தும் என்னும் எண்ணமே இங்கு உடைந்தது.

வகுப்பறைக்கு எடுத்துச்செல்ல

இக்கட்டுரையில் நாம் கண்ட ஆண்கள் அனைத்திலும் ஓடுவது ஒரே டெஸ்டோஸ்டிரோன். அதன் வேதியியல் அமைப்பில் எவ்வகை மாற்றமும் இல்லை. ஆயினும் கருவிலுள்ள வல்லபியின் விதைப்பைக்கு அது தேவைப்படவில்லை. பைக்குள் இருக்கும் குட்டியில் அது வேறு வடிவில் பயணம் செய்தது. வளர்ந்த வல்லபியில் பெண்ணின் வரவுக்குக் காத்திருந்தது. ஆன்டெகைனஸில் பகலின் வேகத்தைக் கணித்து எழுந்து, தன்னைத் தாங்கிய உடலையே வீழ்த்தியது.

ஆசிரியர்களுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. இயக்குநீர் பாடத்தை நடத்தும்போது, "இது என்ன செய்யும்?" என்னும் வினாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். "எப்போது செய்யும்? எவர் சொல்லிச் செய்யும்? எந்த உயிரில் செய்யும்?" என்னும் மூன்று வினாக்களையும் மாணவர் கேட்கப் பழக்குவோம். இயக்குநீர் என்னும் நம் சொல்லும் அப்போது முழுப் பொருளோடு விளங்கும். மாணவர்களும் ஒன்றை நினைவிற்கொள்ளலாம். நாம் வாழும் கரையிலிருந்து சில தீவுகள் தாண்டினால், பாடநூலுக்குள் அடங்காத பாலூட்டிகள் வாழ்கின்றன. அவற்றைக் காக்க விரும்புவோர் முதலில் அவற்றிடமிருந்தே பாடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.